நாற்பத்தெட்டுக் கட்டுப் போட்ட பாய்மரம்

உப்பாற்றுமுனையில் சவரியடியானின் பாய்மரம் அவருடைய மனத்தாங்கலுக்குக் கட்டுப்பட்டு நின்ற வருஷத்தில், ஆடி பிறக்கும் முன்னாலேயே கச்சான் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீச ஆரம்பித்துவிட்டது. கொடியில் காய்ந்த சேலைகளைக் கழற்றிக்கொண்டு போய்த் தாழம்புதரில் மாட்டியது, கோயில் மணியை ஆளில்லாமலே இரண்டு தரம் அடித்தது, டீக்கடை பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தவர்களின் வாயில் மணலைப் போட்டுப் பேச்சை நிறுத்தியது. அப்படிக் காற்றடிக்கும் வருஷத்தில் பாய்மரம் விறைப்பாக இருக்கும் படகுதான் ஜெயிக்கும் என்பது அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும்.

ஜெயிப்பது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் சந்தியாகப்பர் திருநாளன்று உப்பாற்றுமுனைக்கும் பக்கத்து ஊரான தாழைமுனைக்கும் பாய்ப்படகுப் போட்டி நடக்கும். தோற்ற ஊரின் படகுகள், அடுத்த திருநாள் வரைக்கும், ஜெயித்த ஊரின் கரையைக் கடக்கும்போது பாயை இறக்கிவிட்டு, கம்பு ஊன்றித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நல்ல காற்று முதுகில் அடித்தாலும் இறக்க வேண்டும், படகு நிறைய மீன் கிடந்து வெயிலில் நாறினாலும் இறக்க வேண்டும். இருபத்தொரு வருஷமாக உப்பாற்றுமுனை இறக்கிக்கொண்டிருந்தது. தாழைமுனைப் பெண்கள் மீன் கழுவுகிற சாக்கில் தண்ணீர் ஓரம் வந்து நின்று, "பாத்து இறக்குங்கய்யா, பாய் கிழிஞ்சிரப் போவுது" என்று அக்கறையாகச் சொல்வார்கள். அந்த அக்கறையைத்தான் தாங்க முடியாது.

அந்த இருபத்தொரு வருஷத்துக்கும் பழி சவரியடியான் தலையில் இருந்தது. முதல் தோல்வியன்று சுக்கான் பிடித்தவர் அவர். வத்தை என்று சொல்லும் அந்தச் சின்னப் பாய்ப்படகில் ஆறு பேர் ஏறுவார்கள். ஒருவர் சுக்கான், ஒருவர் பாய்க்கயிறு. மற்ற நான்கு பேர் காற்று வரும் பக்கமாக நீட்டிய பலகையில் ஏறி நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் கடல்மேல் சாய்த்துப் படகு கவிழாமல் நிறுத்துவார்கள். அன்றைக்குப் பலகையின் உள்முனையில், மற்ற மூன்று பேருக்கும் முதுகுப் பக்கம், அவருடைய மச்சினன் தொம்மை நின்றான். கரை கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது ஒரு காற்று வந்தது, படகு தடுமாறியது, பாய் தண்ணீரில் விழுந்தது, பாய்மரம் ஒடிந்தது. கரைக்கு நீந்தி வந்த தொம்மை, யாரும் கேட்கும் முன்னாலேயே, "மச்சான் நட்ட மரம் நாணல் மாதிரி வளைஞ்சு ஒடிஞ்சிருச்சு" என்றான். சாயங்காலத்துக்குள் அவர் 'நாணல்' சவரியடியான் ஆகிவிட்டார். மகள் கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சகத்துக்காரன் அப்படித்தான் போட்டுவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டான்.

மரம் வளையவில்லை என்று சவரியடியானுக்குத் தெரியும். அவர் கண்ணால் பார்க்கவில்லை, அந்த நேரத்தில் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் சுக்கான் பிடிக்கிறவனுக்கு இடுப்பில் ஒரு கண் உண்டு. மரம் ஒடியும் முன்னால், பலகையிலிருந்து ஒரு பாரம் படகுக்குள் இறங்கியதை அவருடைய இடுப்பு உணர்ந்தது. இடுப்பு சொன்னதை எந்த ஊர்க்கூட்டத்தில் சாட்சியாக வைக்க முடியும்? அன்றிலிருந்து தொம்மையோடு பேச்சில்லை. ஒரே தெருவில், எட்டு வீடு தள்ளி, இருபத்தொரு வருஷம்.

இந்த வருஷம் ஊர்க் கமிட்டித் தலைவர் அம்புரோஸ் அவரிடமே வந்தார்.

"அண்ணே, சுக்கான் நீங்கதான் பிடிக்கணும். இந்தக் காத்துல வத்தை ஓட்ட வேற ஆளு இல்லை."

"நாணல்கிட்டயா வந்து கேக்குறீக?"

"ஊரு சொல்றதைத் தூக்கி ஒதுக்கி வைங்கண்ணே."

"ஒதுக்கித்தான் வச்சிருக்கேன். ஒண்ணு விடாம வரிசையா வச்சிருக்கேன்" என்றார் சவரியடியான். ஆனால் மறுநாள் காலையில், கரையில் நிறுத்தியிருந்த ஊர் வத்தையின் பாய்மரத்தைக் கழற்றி, இரண்டு கட்டைமேல் படுக்கப் போட்டுவிட்டார்.

அது நல்ல சவுக்குமரம், நேரானது, ஆனால் நடுவில் கொஞ்சம் மெலிவு. சின்னப் பையன்கள் ஃபைபர் சுற்றச் சொன்னார்கள். மேலே கனம் கூடினால் படகு தலையாட்டும் என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. முற்றின மூங்கிலைப் பிளந்து பத்தைகளாகச் சீவி, அடியில் தடிப்பும் மேலே போகப் போக மெலிவுமாக இழைத்து, மரத்தைச் சுற்றி விரல் இடைவெளி இல்லாமல் அடுக்கினார். பனைநாரைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு கட்டாக, காலால் மிதித்து இழுத்து இறுக்கினார். ஈரத்தில் கட்டின பனைநார் வெயிலில் காயக் காயக் கவ்விப் பிடிக்கும். பிறகு குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசிவிட்டால் கடல் தண்ணீர் அதைத் தளர்த்தாது. இதெல்லாம் எந்தப் படகுக்காரனும் செய்வதுதான். அவர் கூடுதலாகச் செய்தது ஒன்றே ஒன்று. கட்டு இறுக வேண்டுமானால் மூச்சைப் பிடிக்க வேண்டும், மூச்சைப் பிடிக்க எதையாவது சொல்ல வேண்டும்; மற்றவர்கள் 'ஏலேலோ' என்பார்கள், அவர் தம் குறைகளைச் சொன்னார்.

"பலகையை விட்டு எறங்கினான், எறங்கிட்டு மரத்து மேல பழி போட்டான்" என்று அடிக்கட்டை இறுக்கினார். "நாணல்னு பேரு வச்சான்" என்று இரண்டாவது. "எங்க அம்மா சாவுக்கு வந்தவன் வாசல்லயே நின்னுட்டுப் போனான்" என்று மூன்றாவது. கோவிலில் குருத்தோலை கொடுக்கும்போது தம்மை விட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தது, கடன் வாங்கிப் போன வலைப்பின்னும் ஊசியை ஒடித்துத் திருப்பித் தந்தது, மகள் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு ரசத்தில் உப்பில்லை என்று சொன்னது என்று வரிசையாக, மறக்காமல், தேதியோடு, நாற்பத்தெட்டுக் குறை; நாற்பத்தெட்டுக் கட்டு. கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் மறைவில் நின்று தொம்மை அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அவருக்குத் தெரியாது.

மூன்று நாள் வெயிலுக்குப் பிறகு மரத்தை நட்டு, உச்சியில் கயிறு கட்டி, எட்டு ஆம்பளைகள் இழுத்துப் பார்த்தார்கள். மரம் மயிரிழைகூட அசையவில்லை. கயிறுதான் அறுந்தது. புதுக்கயிறு கட்டி, காலை மணலில் புதைத்துக்கொண்டு மறுபடி இழுத்தார்கள். அப்போது சவரியடியானின் மனைவி அருளாயி டீத் தூக்கோடு வந்து, வரிசையாகச் சிவந்த முகத்தோடு நின்றவர்களைப் பார்த்து, "எட்டுப் பேரும் பிரசவத்துக்கா வந்திருக்கீக?" என்றாள். சவரியடியான் சிரித்துவிட்டார். அவர் சிரித்த அதே நொடி மரம் வில்லாக வளைந்தது, எட்டுப் பேரும் மல்லாக்க விழுந்தார்கள்.

கட்டுப் போடும்போது பக்கத்தில் நின்று கேட்டிருந்த அம்புரோஸ், எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்தார், சவரியடியானைப் பார்த்தார்.

"அண்ணே, அந்தக் குருத்தோலை விஷயத்தைக் கொஞ்சம் நினைங்க."

நினைத்தார். மரம் விறைத்து நேராக நின்றது.

"சரி. வேலை புரிஞ்சுபோச்சு" என்றார் அம்புரோஸ். அதற்கு மேல் அந்தக் கரையில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு மரத்துக்கு என்ன எண்ணெய் வேண்டும், ஒரு வலைக்கு என்ன சாயம் வேண்டும் என்று தெரிந்த பிறகு அதைக் கொடுப்பதுதானே முறை. அன்று சாயங்காலமே கமிட்டி கூடி, திருநாள் வரைக்கும் சவரியடியானின் மனம் ஆறாமல் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு என்று தீர்மானம் போட்டது.

அதற்கப்புறம் உப்பாற்றுமுனை தன் கடமையில் குறை வைக்கவில்லை. டீக்கடைக்காரர் அவருக்கு மட்டும் ஆறின டீ கொடுத்தார். முடிவெட்டுகிறவர் ஒரு பக்க மீசையை ஒரு நூல் கூடுதலாகக் குறைத்தார். காலையில் ஒரு தெரு, மாலையில் ஒரு தெரு என்று முறை வைத்து ஆட்கள் வந்து, "என்னண்ணே, இந்தத் தடவையும் நாணல்தானா?" என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்கள். அவர் தெருவில் காமெடி சேனல் யாரும் வைக்கவில்லை. எட்டு மாதப் பேரனை, அவன் பொக்கை வாயைக் காட்டிச் சிரித்துவிடுவான் என்று பயந்து, மகளுடைய கொழுந்தன் வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். பங்குச் சாமியார் ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லும் பிரசங்கத்தைத் தயார் செய்து வைத்திருந்தவர், அதைத் திருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்துவிட்டு, எகிப்தின் வாதைகளைப் பற்றிப் பேசினார். சவரியடியானுக்கு இதெல்லாம் தமக்காகச் செய்யப்படுகிறது என்று தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. ஒருத்தனை இவ்வளவு சுலபமாக ஊர் அவமதிக்க முடிகிறதே என்று அதற்கும் சேர்த்து வந்தது. மரம் நாளுக்கு நாள் இரும்பாகிக்கொண்டு போனது.

ஒரே ஆளால்தான் ஆபத்து. தீர்மானம் போட்டதற்கு மறுநாளே தொம்மை அம்புரோஸ் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"நான் மச்சான்கிட்டப் பேசணும். அன்னைக்கு நடந்ததைச் சொல்லணும்."

"இருபத்தொரு வருஷம் எங்கடா போயிருந்துச்சு உன் நாக்கு?"

"தேதியோட சொல்றாருண்ணே. ரசத்தைக்கூட விடலை. கேட்டதுலருந்து எனக்குத் தூக்கமில்லை."

"உனக்குத் தூக்கம் முக்கியமா, ஊருக்குப் பாய் முக்கியமா? திருநாள் முடியட்டும், கால்லகூட விழு. அதுவரைக்கும் வாயத் திறந்தே, வத்தையைக் கவுத்தவன் நீதான்னு ஊரு சொல்லும்."

"ரெண்டாந்தரமும்" என்றான் தொம்மை, மெதுவாக. அம்புரோஸுக்கு அது காதில் ஏறவில்லை.

தொம்மையை ஒதுக்கவும் முடியாது. ஊரிலேயே கனமான உடம்பு அவனுடையது, அந்தக் காற்றில் பலகைக்கு அவன் வேண்டும். கடைசியில் வழி கண்டுபிடித்தார்கள். போட்டியன்று காலை அவன் வாய் நிறைய வெற்றிலையைத் திணித்து, கரை திரும்பும்வரை துப்பக் கூடாது என்று சந்தியாகப்பர் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு படகில் ஏற்றினார்கள்.

போகும்போது காற்று பின்னால். ஊருக்கு ஐந்து என்று பத்து வத்தைகளும் பாயை விரித்துக்கொண்டு ஒன்றாகவே பறந்தன, நடுக்கடலில் நட்டிருந்த கொடிக்கம்பைச் சுற்றின. திரும்பி வருவதில்தான் எல்லாம் இருக்கிறது. கச்சான் நேர் எதிரே நின்று முகத்தில் அறைய, படகைக் குறுக்கும் மறுக்குமாக ஓட்டி, ஒவ்வொரு திருப்பத்திலும் பலகையைப் பக்கம் மாற்றிப் போட்டு, கரையை அங்குலம் அங்குலமாகப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். மற்ற வத்தைகளின் மரங்கள் அடிக்கு அடி வளைந்து காற்றைக் கொட்டின. சவரியடியானின் மரம் ஒரு சொட்டுக் காற்றைக்கூடக் கொட்டவில்லை. மற்றவர்கள் ஆறு திருப்பத்தில் வந்த தூரத்தை அவர் நாலில் வந்தார். தாழைமுனையின் முதல் படகு பக்கத்தில் தெரிந்தது, பிறகு பின்னால் தெரிந்தது. பாய்க்கயிறு பிடித்திருந்த பவுலு, "அண்ணே, அவனுக மூஞ்சி தெரியலை, முதுகுக்குப் பின்னால போயிட்டானுக!" என்று கத்தினான். சவரியடியான் உதட்டைக் கடித்துக்கொண்டார். சந்தோஷப்படக் கூடாது.

கரை கூப்பிடு தூரத்துக்கு வந்தது. திருநாள் கொடியும், மணலில் நின்ற கூட்டமும், அருளாயியின் மஞ்சள் சேலையும் தெரிந்தன. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் வந்த அதே இடத்தில் அதே காற்று வந்தது. தண்ணீர் கறுத்து, சிலிர்த்துக்கொண்டு அவர்களை நோக்கி ஓடி வந்தது.

பின்னால் வந்த படகுகளின் மரங்கள் தலை வணங்கி அதைத் தாண்ட விட்டன. அவருடைய மரம் வணங்கவில்லை. வளையாத மரத்தில் மோதிய காற்று போக வழியில்லாமல் படகையே தூக்கியது. ஒரு பக்க விளிம்பு தண்ணீருக்குள் இறங்கியது, மறுபக்கம் பலகையில் நின்ற நாலு பேரும் வானத்துக்கு ஏறினார்கள். பவுலு கயிற்றைத் தளர்த்தப் பார்த்தான், முடிச்சு நனைந்து இறுகிக் கிடந்தது.

"அண்ணே, சிரிங்க!"

"வர மாட்டேங்குதுடா!"

"எங்க மாமியார் ஆட்டோவுல இருந்து விழுந்த கதை சொல்லவா?"

"அது எனக்குத் தெரியும்டா, கயித்தை அறு!"

கத்தி எப்போதோ தண்ணீரோடு போயிருந்தது. சிரிப்பு சொல்லி வருவதா? பேரனை நினைத்தார், அவனைத் தூக்கிக்கொண்டு போனார்களே என்றுதான் நினைப்பு ஓடியது. மரம் இன்னும் விறைத்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அவருடைய இடுப்பு, இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் உணர்ந்த அந்தப் பாரத்துக்காகக் காத்திருந்தது. இப்போது இறங்குவான், இப்போது உள்ளே குதிப்பான் என்று காத்திருந்தது.

பாரம் அசைந்தது. ஆனால் உள்ளே வரவில்லை. வெளியே போனது.

சவரியடியான் இந்தத் தடவை பாயை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்தார். தொம்மை மற்ற மூன்று பேரையும் தாண்டி, பலகையின் வெளிநுனிக்குப் போய், ஒற்றைக் கயிற்றில் தன் முழு உடம்பையும் கடல்மேல் தொங்கவிட்டிருந்தான். சந்தியாகப்பரிடம் செய்த சத்தியத்தோடு சேர்த்து வெற்றிலையைக் கடலில் துப்பினான். சிவப்பு வாயைத் திறந்து கத்தினான்.

"மச்சான்! அன்னைக்கு மரம் வளையலை! நான்தான் பயந்துபோய் உள்ளே குதிச்சேன்! மரம் நல்ல மரம்!"

பாய்மரத்தின் அடியில் சட்டென்று ஒரு சத்தம். குங்கிலியம் பொடியாக உதிர்ந்து, முதல் கட்டின் பனைநார் தானாக அவிழ்ந்து விழுந்தது. சவரியடியானின் நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு மூச்சு, இருபத்தொரு வருஷமாகப் பிடித்து வைத்திருந்தது, வெளியே வந்தது. மரம் மெதுவாக, ஒரு பெரிய மனிதர் நாற்காலியில் சாய்வதைப் போல, ஒரு முழம் வளைந்தது. காற்று அதன் தலைக்கு மேல் வழிந்து போய்விட்டது. படகு தண்ணீரைக் கொட்டிக்கொண்டு நிமிர்ந்தது.

நிமிர்ந்தது, ஆனால் மரம் தொய்ந்தே நின்றது. பாய் சுருங்கியது. பின்னாலிருந்த தாழைமுனைப் படகு பக்கவாட்டில் வந்து எட்டிப் பார்த்தது. பலகை நுனியில் தொங்கியபடியே தொம்மை அழுதுகொண்டு, "மத்ததுக்கும் மன்னிச்சிரு மச்சான், எல்லாத்துக்கும்..." என்று ஆரம்பித்தான்.

"வாய மூடுடா!" என்று சவரியடியான் கர்ஜித்தார். "ஒண்ணுதான் அவுந்திருக்கு! ரசத்துல உப்பில்லைன்னு சொன்னியே, என் மக கல்யாணத்துல, பத்துப் பேர் முன்னால!"

மரம் நிமிர்ந்தது.

"எங்க அம்மா சாவுக்கு வாசல்லயே நின்னியே!"

மரம் விறைத்தது, பாய் புடைத்தது. அதற்குப் பிறகு கரை வரைக்கும் அவர் சுக்கானை ஒரு கையாலும் மனத்தாங்கலை மறு கையாலும் ஓட்டினார். காற்று பலத்து வரும்போது, நல்ல மரம் என்று அவன் சொன்னதை நினைத்து ஒரு சாண் விட்டார். காற்று தணியும்போது ஒடிந்த ஊசியை நினைத்து இறுக்கினார். இத்தனை வருஷம் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு திரிந்தவர், அதைக் கையாளத் தெரிந்தது அன்றைக்குத்தான். இரண்டு படகு நீளம் முன்னால் வத்தை மணலில் ஏறியது.

ஊர் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பேரனைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டார்கள். டீக்கடைக்காரர் ஆவி பறக்கும் டீயோடு வந்தார். கரையில் கட்டியிருந்த மைக்கை அம்புரோஸ் கையிலிருந்து தொம்மை பிடுங்கி, வாயெல்லாம் சிவப்பாக, இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் பலகையை விட்டுக் குதித்தது தான்தான் என்று இரண்டு ஊருக்கும் கேட்கச் சொன்னான்.

மறுநாள் உப்பாற்றுமுனைப் படகுகள் தாழைமுனைக் கரையை முழுப் பாயோடு கடந்தன. அந்தப் பெண்கள் தண்ணீர் ஓரத்துக்கு வரவில்லை.

ஊர் என்பது ஒரு பேரைக் கீழே போடாது, தலை மாற்றி வைக்கும். அன்றிலிருந்து தொம்மையை 'நாணல்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சவரியடியானுக்கு முதல் நாள் இதமாக இருந்தது. இரண்டாம் நாளும் இருந்தது. மூன்றாம் நாள், பங்குச் சாமியார் தள்ளி வைத்த பிரசங்கத்தைச் செய்து முடித்ததும், எல்லாரும் கோயில் வாசலில் நிற்கும்போது எவனோ, "நாணலு, செருப்பு மாத்திப் போட்டுட்டே" என்று தொம்மையைப் பார்த்துச் சொன்னான். சிரித்தார்கள். தொம்மை தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாற்றினான்.

சவரியடியான் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார்.

"அந்தப் பேரு என்னுது. இருபத்தொரு வருஷம் வெயில்லயும் மழையிலயும் நான் சுமந்தது. என்னைக் கேக்காம எடுத்து வேற ஆளுக்குக் கொடுக்க நீங்க யாரு?"

"இல்லைண்ணே, இனிமே உங்களை அப்படிக் கூப்பிட வேண்டாம்னுதான்..."

"கூப்பிடு. வளைய வேண்டிய இடத்துல வளைச்சு ஓட்டிக் காமிச்சவன் நான். தைரியமிருந்தா வேற எவனையும் அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாரு."

யாரும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. தொம்மை நிமிர்ந்து, "மச்சான், அப்ப மத்த நாப்பத்தேழும்..." என்றான்.

"அடுத்த ஆடிக்கு ஒண்ணு கொண்டு வா. அதுக்கு அடுத்த ஆடிக்கு ஒண்ணு. அவசரப்பட்டு எல்லாத்தையும் அவுத்துட்டா, ஊரு எதை வச்சு வத்தை ஓட்டும்?" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஆனால் அந்த நேரத்தில் கரைக்கொட்டகைக்குள் காய்ந்த மீனை எடுத்து வைக்கப் போயிருந்த அருளாயி, படுக்கப் போட்டிருந்த பாய்மரத்தைப் பார்த்தாள். அவர் கோபமா, சாந்தமா என்று அதைப் பார்த்துத்தான் அவள் இப்போது உலை வைக்கிறாள். மரம் ஒரு விரல்கடை வளைந்திருந்தது. குனிந்து கையால் தடவிப் பார்த்தாள், கட்டுகளை எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தேழும் இறுக்கமாகத்தான் இருந்தன. சரி என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய், ஒரு ஆள் கூடுதலாக அரிசி போட்டு, ரசத்துக்கு உப்பு சரியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் ருசி பார்த்தாள்.